விடையைக் கேட்காதீர்கள், தவறைக் காட்டச் சொல்லுங்கள்

வீட்டுப்பாடத்துக்குச் செயற்கை நுண்ணறிவுச் செயலியைத் திறக்கும் முன், பிள்ளையை ஒரு தாளில் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். தவறாக வந்தால் அழிக்க வேண்டாம். அந்தத் தவறுதான் நமக்குத் தேவை.

மாணவி ஒருத்தி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். விடையைக் கேட்டால் செயலி 5/6 என்று சொல்லிவிடும். அவளுக்கு எதுவும் விளங்கியிருக்காது. மாறாக, அவள் எழுதிய வழிமுறையை அப்படியே கொடுத்து இப்படிக் கேளுங்கள்: "விடையைச் சொல்லாதே. நான் எங்கே தடுமாறினேன் என்று பார்த்து, என்னை யோசிக்க வைக்கும் ஒரே ஒரு கேள்வி கேள்." தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டியதுதான் இங்கே பிழை. "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு, அரையைவிடக் குறைவாக எப்படி வரும்?" என்பதுபோல ஒரு கேள்வி வந்தால், குழந்தை சட்டென்று நின்று யோசிக்கும். எனக்கு அந்த ஒரு நொடிதான் முக்கியம்.

செயலி தவறான விளக்கத்தையும் உறுதியான குரலில் சொல்லும். பாடநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிள்ளையின் பெயர், பள்ளி, படம் எதையும் உள்ளிட வேண்டாம். வகுப்பறையில் இதைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 2023இல் பரிந்துரைத்தது. அதற்கும் சிறியவர்கள் என்றால், நீங்களே அருகில் அமர்ந்து தட்டச்சு செய்யுங்கள்.

முடிந்ததும் திரையை மூடிவிட்டு, அந்தக் கணக்கை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் திணறுகிறாள் என்பதைக் குறித்து, மறுநாள் ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.