ஆலைத் தலைவர் பதவிக்குத் தயாராவது எப்படி: கடலூர் சிப்காட் உற்பத்தி மேலாளர்களுக்கு

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ரசாயன ஆலை ஒன்றின் உற்பத்தி மேலாளராக இருப்பவர் ஆலைத் தலைவர் பதவியை எதிர்நோக்கினால், முதலில் தம் நாற்காலியில் அமர ஒருவரை உருவாக்க வேண்டும். எனக்கு முதல் வாய்ப்பு கைநழுவியது இதனால்தான். "உங்களை மேலே எடுத்துக்கொண்டால் அந்த பிளான்ட்டை யார் பார்ப்பது?" என்று இயக்குநர் கேட்டபோது, அதைப் பாராட்டாக எண்ணிப் பூரித்து நின்றேனே தவிர, சொல்வதற்கு ஒரு பெயர் என்னிடம் இல்லை. ஷிஃப்ட் பொறுப்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்து, எவ்வளவு செலவுக்கு அவரே ஒப்புதல் தரலாம், எந்நிலையில் ரியாக்டரை (வேதிவினை நடக்கும் கலனை) நிறுத்தலாம் என்பதை எழுத்தில் கொடுத்துவிட்டு, பத்து நாள் விடுப்பில் செல்லுங்கள். பாதுகாப்புக்கு ஊறில்லாதவரை அவர் எடுத்த முடிவைத் திரும்பி வந்து மாற்றாதீர்கள். இதற்குத்தான் மிகுந்த பொறுமை வேண்டும்.

அடுத்தது பணக்கணக்கு. இரண்டு கோடி ரூபாய் மூலப்பொருள் கிடங்கில் தேவைக்கு மேல் 30 நாள் தங்கினால், ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் ஏறத்தாழ 1,64,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். உங்கள் பிளான்ட்டுக்கு இத்தகைய கணக்கைப் போட்டுப் பார்த்து, கணக்குப் பிரிவினரிடம் காட்டிச் சரிபாருங்கள். உற்பத்தியைக் கூட்டும் யோசனை எதுவாயினும், ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதியான இசைவாணையில் குறித்துள்ள உற்பத்தி அளவையும் கழிவுநீர் அளவையும் பார்த்த பிறகே வாய் திறக்க வேண்டும். ஆலைக் கழிவு குறித்த புகார்களைப் பல காலமாகக் கண்ட உப்பனாற்றங்கரையில் ஆலை நடத்துவோருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் ஒருசேரப் பழக ஒரு பயிற்சி உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபின், மாவட்டத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதே போன்ற புயல் மீண்டும் வந்து, ஐந்து நாள் மின்சாரம் இல்லாமல் போனால் ஆலை முழுவதும் என்ன செய்யும் என்று இரண்டு பக்கத்தில் எழுதுங்கள்: புயலுக்கு எத்தனை மணி நேரம் முன்பு எந்தப் பிரிவை நிறுத்துவது, குளிர்விப்பு நின்றால் ஆபத்தாகும் சரக்கு எது, ஜெனரேட்டருக்கான டீசல் எத்தனை நாளுக்கு இருக்கிறது, கழிவுநீர்த் தொட்டியில் மழைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், குறைந்த சரக்கில் முதலில் எந்த வாடிக்கையாளருக்கு அனுப்புவது, ஆட்சியர் அலுவலகத்துடன் யார் பேசுவது, வீட்டுக் கூரை பறந்துபோன ஒப்பந்தத் தொழிலாளிக்கு முன்பணம் எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பது. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலோரிடம் விடை இருக்காது. பராமரிப்பு, கொள்முதல், விற்பனை, மனிதவளம் என ஒவ்வொரு பிரிவின் கதவையும் தட்டாமல் அந்த இரண்டு பக்கத்தை நிரப்ப முடியாது.

நேர்காணலுக்கென்று தனியாக மனப்பாடம் ஏதும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே அந்தத் தாளை இப்போதைய ஆலைத் தலைவரிடம் கொடுத்து, தவறான இடங்களில் சிவப்பு மையால் குறித்துத் தரக் கேளுங்கள். குறித்த இடங்களைத் திருத்தி, அடுத்த ஆளாக நீங்கள் உருவாக்குபவரையும் உடன் அழைத்துக்கொண்டு மீண்டும் அவரிடம் செல்லுங்கள்.