டீசல் காருக்கு முதல் ரீமேப்: காரைக்குடியிலிருந்து ஒரு செய்முறை

எங்கள் வீட்டுப் பின்கட்டு ஓரம் நிற்பது 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல். அப்பச்சி வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். உள்ளே இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின்: 1,248 சிசி, 75 எச்பி, 2,000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவை. மைலேஜில் குறை சொல்ல முடியாது. ஆனால் 2,000-க்குக் கீழே டர்போ, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி, எழுந்திருக்காது. தேவகோட்டை ரஸ்தா பக்கம் வேகத்தடை ஏறி இறங்கி மூன்றாவது கியரில் மிதித்தால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். அந்த யோசனையைக் குறைத்தால் அடிக்கடி கியரை இறக்க வேண்டியதில்லை, டீசலும் கொஞ்சம் மிச்சமாகும். மைலேஜ் வண்டியை ரீமேப் செய்ய நான் ஒப்புக்கொள்ளும் ஒரே காரணம் இது.

ரீமேப் என்றால் இன்ஜினைப் பிரிப்பதில்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள், எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்று பார்த்து, எவ்வளவு டீசலை எந்த நேரத்தில், எந்த அழுத்தத்தில் பீச்சுவது என்று முடிவு செய்வது ஈசியு என்ற இன்ஜின் கம்ப்யூட்டர். அந்த முடிவுகள் அதற்குள் அட்டவணைகளாக இருக்கின்றன. அந்த அட்டவணைகள்தான் மேப். அதிலுள்ள எண்களை மாற்றுவதே ரீமேப்.

முதலில் அளந்து வையுங்கள். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் சரிபாருங்கள். ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, 300 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பம்ப்பில் திரும்ப நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். மீட்டர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். இப்படி இரண்டு முறையாவது செய்து, எழுதி வையுங்கள்.

அடுத்து, வண்டிக்கு நோய் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். நானும் நேராக ரீமேப் செய்து தரும் டியூனரிடம்தான் போகப் பார்த்தேன். கழனிவாசலில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் போனட்டைத் திறந்தார். டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸைத் துணியால் துடைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரைக் கொடுக்கச் சொன்னார். கிளாம்ப்புக்குக் கீழே நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் உதட்டில் ஆயில் கசிந்து பளபளத்தது, விரலை வைத்தால் காற்று சீறியது. "அண்ணே, மேப்பை மாத்துறதுக்கு முன்னால இந்த ஹோஸை மாத்துங்க" என்றார். மாற்றியதும் என் பிக்கப் குறையில் பாதி போய்விட்டது.

அதேபோல் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கரி அடைத்த இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புவது), டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாம் பார்க்க வேண்டியவை. செம்மண் சாலைகளில் அதிகம் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடையும். கிளட்ச்சையும் சோதியுங்கள்: நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் முழுதாக மிதிக்கும்போது, வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. அதன் மேல் டார்க்கைக் கூட்டினால் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

காகிதங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுத் தெளிந்த பிறகே கை வையுங்கள். வாரண்டியில் இருக்கும் வண்டியென்றால் வேண்டவே வேண்டாம்.

ஃபைலைப் படித்தெடுப்பது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் டூலைச் செருகி ஈசியுவில் உள்ளதை அப்படியே லேப்டாப்புக்கு எடுப்பார்கள். சில ஈசியுக்களைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் படிக்க முடியும். எந்த வழியானாலும், ஒரிஜினல் ஃபைலின் நகலை உங்கள் பென் டிரைவில் வாங்கிய பிறகே அடுத்த வேலைக்குச் சம்மதியுங்கள். தர மறுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். உங்கள் ஃபைலையே படிக்காமல் வேறொரு வண்டியின் ஃபைலை ஏற்றித் தருகிறேன் என்பவரிடமும் அப்படித்தான்.

என்ன கேட்க வேண்டும்? "தம்பி, 1,500 முதல் 2,500 ஆர்பிஎம் வரை டார்க் வேணும், மேலே பவர் வேண்டாம், புகை வரக் கூடாது" என்று சொல்லுங்கள். காற்றுக்கு ஏற்ற டீசலை மட்டும் அனுமதிப்பது ஸ்மோக் லிமிட்டர். அதைத் தளர்த்தினால் கறுப்புப் புகை வரும், எக்சாஸ்ட் சூடேறும், டர்போவும் பிஸ்டனும் அடி வாங்கும். இஜிஆரை அடைப்பது, புகையிலுள்ள கரியை வடிகட்டும் டிபிஎஃப்பை எடுப்பது என்று பேச்சு வந்தால் மறுத்துவிடுங்கள். அந்தப் புகையை நம் தெருப் பிள்ளைகள்தான் சுவாசிக்க வேண்டும்.

மாற்றிய ஃபைலை ஈசியுவில் ஏற்றும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கக் கூடாது. நல்ல பேட்டரி ஓய்வில் 12.5 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அது போதும் என்று விடாமல், நிலையாக மின்சாரம் தரும் சார்ஜரை மாட்டச் சொல்லுங்கள். ஏசி, லைட், பாட்டு எல்லாம் அணைந்திருக்கட்டும். பாதியில் நின்றால் ஈசியு முடங்கி, வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். என் வண்டிக்கு ஏற்றியபோது நான் கதவைக்கூடத் திறக்கவில்லை.

சோதனை ஓட்டம். காலைக் குளிரில் எல்லா மேப்பும் நன்றாகத்தான் ஓடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் நடுப்பகல் ஓட்டத்தில்தான் மேப்பின் குறை தெரியும். வீட்டில் நாலு பேரை ஏற்றி, ஏசி போட்டு, குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய் வாருங்கள். பின்னால் ஒருவரை வேறு வண்டியில் வரச் சொல்லிப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். மிதித்ததும் மெல்லிய சாம்பல் நிறம் வந்து மறைந்தால் கவலையில்லை. கறுப்பாகத் தொடர்ந்து வந்தாலோ, இன்ஜின் லைட் எரிந்தாலோ, வெப்பமானி முள் வழக்கமான இடத்தைத் தாண்டினாலோ மெதுவாக ஓட்டித் திரும்பி, அன்றைக்கே ஒரிஜினல் ஃபைலை ஏற்றிவிடுங்கள்.

மைலேஜை முதல் வாரத்தில் அளக்காதீர்கள். புதுப் பிக்கப்பில் கால் தானாகவே அழுத்தும். மூன்றாவது டேங்க்கில், பழைய பம்ப்பில், பழைய சாலையில் அளந்து முன்பு எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.