ரத்தசோகைக் கணக்கு ஏன் ஒத்துப்போவதில்லை? ஆய்வுத் தரவைப் பகிர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுகாதார ஆய்வுத் தரவைப் பகிர்வது பற்றிப் பேசுகிறவர்கள் எண்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அந்த எண்கள் எப்படி வந்தன என்று சொல்லும் மெட்டாடேட்டாவைக் கடைசி நாளில் யாராவது ஒரு உதவியாளர் எழுதுவார். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, அளந்த முறையை எழுதாமல் விடுவது. ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய குடும்ப நல ஆய்வில் விரல்நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கையடக்கக் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். 2016-18இல் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சோதித்தார்கள். இரண்டு கோப்பிலும் நெடுவரிசையின் பெயர் ‘ஹீமோகுளோபின்’தான். முறை தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ரத்தசோகை கூடியது, குறைந்தது என்று இல்லாத மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடலாம். கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரத்துக்கும் புகைப்பழக்கத்துக்கும் ஏற்பத் திருத்திய எண்ணா, திருத்தாத எண்ணா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அடுத்தது, விடுபட்டவற்றுக்கான குறியீடு. பரிசோதனைக்கு மறுத்தவருக்கு 995 என்று போடுவது கணக்கெடுப்புக் கோப்புகளில் உள்ள வழக்கம். அந்தக் கோப்புகளில் அளவைத் தசமப்புள்ளி இல்லாமல் எழுதுவார்கள். குறியீட்டு விளக்கம் இல்லாமல் கோப்பு கைமாறினால், அவர் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 99.5 கிராம் ஹீமோகுளோபின் ஓடும்! சராசரி எகிறும், யாருக்கும் காரணம் புரியாது.

ஊர்ப் பெயரோடு எல்லை எந்தத் தேதியில் இருந்தது என்றும் குறியுங்கள். தேசிய குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்றில் (2015-16) 640 மாவட்டங்கள், ஐந்தாம் சுற்றில் (2019-21) 707. ஐந்தாம் சுற்று 2017 மார்ச் நிலவரப்படியான எல்லைகளைப் பின்பற்றியது. 2019இல் பிரிந்த கள்ளக்குறிச்சியை அதில் தேடினால் கிடைக்காது. அந்த மக்கள் விழுப்புரத்துக்குள் இருக்கிறார்கள்.

எக்செல் செய்யும் சேட்டை தனி. ‘செப்ட்2’, ‘மார்ச்1’ என்ற மரபணுக் குறியீடுகளைத் தேதியாக மாற்றிவிடும். மரபணுப் பெயர்களைத் தீர்மானிக்கும் குழுவே கடைசியில் இறங்கிவந்து, 2020இல் அவற்றை ‘செப்டின்2’, ‘மார்ச்எஃப்1’ என்று மாற்றியது. பகிரும் கோப்பு சாதாரண உரைக்கோப்பாக இருப்பது நல்லது.

நோயாளிகளின் அந்தரங்கம் கருதித் தரவைப் பூட்டுவது நியாயம். கூடவே மெட்டாடேட்டாவையும் பூட்டுவதுதான் தவறு. என்ன அளந்தார்கள், எத்தனை பேரிடம், எந்த வயதினரிடம், அனுமதி யாரிடம் கேட்பது என்பதை வெளியிட்டால் யாருடைய ரகசியமும் போகாது. தரவைக் கண்டுபிடிக்கவும் அணுகவும் இணைக்கவும் மறுபடி பயன்படுத்தவும் ஏதுவாக வைக்கச் சொல்லி 2016இல் வெளியான ஃபேர் (FAIR) நெறிகள், தரவே அழிந்தாலும் அதன் மெட்டாடேட்டா கிடைக்க வேண்டும் என்கின்றன. ‘கட்டுரை ஆசிரியரைக் கேட்டால் தரப்படும்’ என்ற ஒற்றை வரி இதற்கு ஈடாகாது. ஆசிரியர் வேலை மாறிய மறுவாரமே அவருடைய மின்னஞ்சல் முகவரி செத்துவிடும்.

மறுபயன்பாடு செய்பவர்களிடமும் ஒரு பழக்கம் உண்டு: கண்ட பிழையைத் தன் பிரதியில் மட்டும் திருத்திக்கொண்டு நகர்ந்துவிடுவது. மூலக் களஞ்சியத்துக்கு இரண்டு வரி எழுதிப் போட்டால், அடுத்து இறக்குபவர் அதே வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்காது.