கிட்ஹப் திறப்பை யாருக்கும் அனுப்பாதீங்க

கிட்ஹப் என்பது கோட் (நிரல்) வைக்கும் இணையத்தளம். போன கிழமை கல்லடியில இருந்து ஒரு தம்பி, "அண்ணா, கீயை ஒட்டினால் கிட்ஹப் பிழை என்று சொல்லுது, ஒருக்கா பாருங்க" என்று வாட்ஸப்பில் கோப்பொன்றை அனுப்பியிருந்தார். திறந்தேன், முதல் வரியிலேயே 'பிகின் ஓப்பன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ' என்று இருந்தது, அதாவது ரகசியத் திறப்பையே அனுப்பிவிட்டார். நெஞ்சு பக்கென்றது.

கிட்ஹப்போடு உங்கள் கணினி பாதுகாப்பாக இணைவதற்கு எஸ்எஸ்எச் கீ செய்தால் இரண்டு கோப்பு வரும். '.பப்' என்று முடிவது பூட்டு. அதைத்தான் கிட்ஹப்பில் ஒட்ட வேண்டும், ஊரே பார்த்தாலும் பரவாயில்லை. '.பப்' இல்லாதது திறப்பு, அது உங்கள் லப்டொப்பை விட்டு வெளியே போகவே கூடாது. தம்பி மாறி எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது: விண்டோஸ் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவிடும், ஒஃபிஸ் போட்ட கணினியில் '.பப்' கோப்பு பப்ளிஷர் ஆவணம் மாதிரித் தெரியும், அதனால் 'இது வேற ஏதோ' என்று விட்டுவிட்டு மற்றதைத் திறந்திருக்கிறார். நோட்பேடில் திறந்து பாருங்கள், 'எஸ்எஸ்எச்-ஈடி25519' என்று தொடங்கும் ஒற்றை நீள வரிதான் சரியானது. ஒருமுறை வெளியே போன திறப்பு கெட்டதுதான், எனக்கு மட்டும் அனுப்பியிருந்தாலும் சரி. இரண்டையும் அழித்துவிட்டுப் புதிதாகச் செய்யச் சொன்னேன்.

செய்யும்போது பாஸ்ஃபிரேஸ், அதாவது திறப்பைக் காக்கும் ஒரு ரகசியச் சொல், கேட்கும். எல்லாரும் சும்மா இரண்டு தரம் என்டரைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். லப்டொப் களவு போனால் எடுத்தவருக்கு உங்கள் கோட் முழுக்கத் திறந்திருக்கும், தயவுசெய்து ஒன்று போடுங்கள். எஸ்எஸ்எச் ஏஜென்ட் என்ற துணை நிரல் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் தட்டத் தேவையில்லை.

அப்புறம், ஒரே கீயை பென்டிரைவில் போட்டு வீட்டுக்கும் கல்முனையில் வேலை செய்யும் இடத்துக்கும் கொண்டு திரியாதீங்க. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கீ, கிட்ஹப்பில் அதற்கு 'வீட்டு லப்டொப்' என்ற மாதிரிப் பெயர். ஒன்று தொலைந்தால் அதை மட்டும் நீக்கலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் புஷ் பண்ணும்போது, அதாவது கோடைக் கிட்ஹப்புக்கு அனுப்பும்போது, பாஸ்வேர்ட் கேட்கிறதா? ரிமோட் முகவரி (கோட் போய்ச் சேரும் கிட்ஹப் முகவரி) 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்குகிறதா பாருங்கள், அப்படியென்றால் கீயை அது தொடவே இல்லை. 2021 ஆகஸ்ட் 13இலிருந்து அந்த வழியில் கணக்கின் பாஸ்வேர்டும் எடுபடாது. முகவரியை எஸ்எஸ்எச் முகவரியாக மாற்றுங்கள்.

முதல்முறை இணையும்போது கிட்ஹப் கணினியின் அடையாளமான ஒரு கைரேகை வரிசையைக் (எழுத்தும் எண்ணும்) காட்டி 'யெஸ்' கேட்கும், கண்ணை மூடிக்கொண்டு தட்ட வேண்டாம். கிட்ஹப்பின் உதவிப் பக்கத்தில் அதே வரிசை இருக்கிறது, ஒப்பிடுங்கள். 2023 மார்ச்சில் கிட்ஹப்பின் சொந்த ஆர்எஸ்ஏ வகைத் திறப்பே யாரும் பார்க்கக்கூடிய ஒரு ரெப்போவில் (கோட் தொகுப்பில்) கொஞ்ச நேரம் வெளியில் தெரிந்து, 24ஆம் திகதி அதை மாற்றினார்கள். அப்படி 'அடையாளம் மாறிவிட்டது' என்று எச்சரிக்கை வந்தால் காரணத்தைப் பார்த்த பிறகுதான் உங்கள் கணினியில் சேமித்திருக்கும் பழைய அடையாளத்தை அழிக்க வேண்டும்.

நேற்று இரவு தம்பி திரும்ப எடுத்தார். "ஹாய் என்று என்ட பெயர் வருது அண்ணா, ஆனா ஷெல் அக்சஸ் தரமாட்டோம் என்றும் சொல்லுது, பிழையா?" பிழையில்லை தம்பி, கீ வேலை செய்யுது; கிட்ஹப் தன் கணினிக்குள் கட்டளை போட மட்டும் விடாது, அதுதான் சரி.