பழைய நோட்டில் புதுத் தாள்

முழுப் பரீட்சை முடிந்து பழைய பேப்பர்காரர் தராசோடு வருவதற்குள், பிள்ளைகளின் நோட்டுகளில் நாலைந்தை ஒதுக்கி வையுங்கள். வீட்டிலேயே தாள் செய்யலாம். செய்தித்தாள் மட்டும் வேண்டாம். அது பெரும்பாலும் மரத்தை அப்படியே அரைத்துச் செய்வது. மர நாரை ஒட்டிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் உள்ளேயே தங்கிவிடுவதால் வெயில் பட்டதும் மஞ்சளடிக்கும். அச்சு மை வேறு கூழைச் சாம்பலாக்கும்.

அட்டை, பின், செல்லோ டேப் எல்லாம் எடுத்துவிட்டுத் தாளைக் கையால் கிழித்து இரவு முழுக்க ஊற வையுங்கள். கத்தரிக்கோல் நாரை வெட்டிவிடும், நமக்கு நார்தான் முக்கியம். கரூர் பக்கம் புகழூரில் 1984 முதல் கரும்புச் சக்கையில் தாள் செய்கிறார்கள்; உங்கள் நோட்டும் அந்த வகையாக இருக்கலாம். சக்கை நார் பைன் மர நாரைவிடக் குட்டை. அரைக்க அரைக்க இன்னும் குட்டையாகும். ஆகவே மிக்சியில் நிறையத் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு அரை நிமிடம் ஓட்டினால் போதும். சட்னி போல மைய அரைத்தால் தாளில் வலு இருக்காது. என் பழைய ஜார் ஒன்றை இதற்கே கொடுத்துவிட்டேன், இனி அது சமையலுக்கு ஆகாது.

ஒரே அளவில் இரண்டு மரச்சட்டம் வேண்டும். ஒன்றில் ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையை விறைப்பாக இழுத்து அடியுங்கள். மற்றது அதன்மேல் கரையாக உட்காரும். அகலமான டப்பில் தண்ணீர், கூழ், இரண்டு கரண்டி வடிகஞ்சி. கஞ்சி இல்லாவிட்டால் பேனா மை ஊறிப் பரவும். (ஆனால் கஞ்சித் தாளைப் பூச்சி தேடி வரும், அலமாரியில் கவனம்.)

இப்போதுதான் கைவேலை. கூழைக் கலக்கிய கையோடு சட்டத்தைச் செங்குத்தாக இறக்கி, அடியில் படுக்க வைத்து, நேராக மேலே தூக்குங்கள். தண்ணீர் வடியும்போதே முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் லேசாக அசைத்தால் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மேலே நீர்ப்பளபளப்பு போனதும் நிறுத்திவிட வேண்டும். அதன்பிறகு அசைத்தால் தாள் கிழியும்.

மேல் சட்டத்தை எடுத்துவிட்டு, ஈர வேட்டித் துணியில் கவிழ்த்து, வலையின் பின்புறம் ஸ்பஞ்சால் ஒற்றி, ஒரு ஓரத்திலிருந்து தூக்குங்கள். துணி, தாள், துணி என்று அடுக்கி, பலகை போட்டு மேலே அம்மிக்கல்லை ஏற்றுங்கள். அப்புறம் துணியோடு நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் சுருண்டுவிடும்.

மிச்சக் கூழைச் சிங்கில் ஊற்றாதீர்கள், குழாய் அடைக்கும். வடிகட்டிப் பிழிந்து உருட்டிக் காயவைத்தால் அடுத்த முறை ஊறப்போடலாம்.