பிரிட்டனில் சாரிட்டி நிகழ்ச்சிகள்: புதிதாக வந்த தமிழர்களுக்கு

பிள்ளை பள்ளியில் சேர்ந்த சில வாரங்களிலேயே அந்தச் செய்தி வந்துவிடும்: வெள்ளிக்கிழமை சீருடை வேண்டாம், ஒரு பவுண்டு கொடுத்து அனுப்புங்கள். மார்ச்சில் ரெட் நோஸ் டே வசூல், நவம்பரில் போர் நினைவுக்கான பாப்பிப் பூ, அடுத்தே சில்ட்ரன் இன் நீட் வசூல். வேலையிடத்தில் யாராவது மாரத்தான் ஓடப்போவதாகச் சொல்லி நன்கொடை இணைப்பு அனுப்புவார். எதுவும் கட்டாயமில்லை. ஆனால் அரசு பார்த்துக்கொள்ளும் என்று நாம் நினைக்கும் பல வேலைகள் இங்கே சாரிட்டி எனப்படும் தொண்டு அமைப்புகளின் பணத்தில்தான் நடக்கின்றன. கடலில் தத்தளிப்பவர்களை மீட்க 1824-இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. அமைப்பின் படகுகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஏர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களும், கடைசிக் கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ்களும் பெரும்பாலும் மக்கள் கொடுப்பதை நம்பியே இருக்கின்றன.

கொடுப்பதற்கு முன் சாரிட்டிப் பதிவு எண்ணைக் கேளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டும் சாரிட்டி பொதுவாகச் சாரிட்டி கமிஷனில் பதிவு செய்திருக்க வேண்டும். கமிஷனின் இணையப் பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டால் பொறுப்பாளர்கள் யார், வரவு எவ்வளவு, கணக்கு நேரத்தில் ஒப்படைக்கப்பட்டதா என்பதெல்லாம் தெரியும். ஸ்காட்லாந்துப் பதிவு எண் 'எஸ்சி' என்று தொடங்கும். சிலர் கம்பெனிஸ் ஹவுஸ் எண்ணைக் காட்டி "நாங்களும் பதிவு செய்தவர்கள்தான்" என்பார்கள். அது நிறுவனப் பதிவு; சாரிட்டிப் பதிவு வேறு. எண் இல்லாத சின்னக் குழு எல்லாம் மோசடி என்றும் ஆகாது. வருமானம் குறைவாக இருக்கலாம். அப்படியானால் வங்கிக் கணக்கு குழுவின் பெயரில் இருக்கிறதா என்றாவது பாருங்கள். தனிநபர் கணக்கு எண்ணைக் கொடுத்தால் விலகிக்கொள்வது நல்லது.

கிஃப்ட் எய்ட் கட்டம்

நன்கொடைப் படிவத்தில் கிஃப்ட் எய்ட் என்றொரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் நீங்கள் கொடுக்கும் 100 பவுண்டுக்குச் சாரிட்டி அரசிடமிருந்து மேலும் 25 பவுண்டு வாங்கிக்கொள்ளும். உங்களுக்குச் செலவில்லை, ஆனால் நிபந்தனை உண்டு. ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரையான வரி ஆண்டில் நீங்கள் கட்டிய வருமான வரியும் மூலதன ஆதாய வரியும் சேர்ந்து, உங்கள் பெயரில் எல்லாச் சாரிட்டிகளும் கோரும் தொகைக்குக் குறையக் கூடாது. நேஷனல் இன்ஷூரன்ஸ், கவுன்சில் டாக்ஸ், வாட் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. 12,570 பவுண்டுக்குள் சம்பாதிக்கும் மாணவர் பொதுவாக வருமான வரி கட்டுவதில்லை. அவர் டிக் போடக் கூடாது. போட்டால் அந்த வித்தியாசத்தை வரித்துறை அவரிடமே கேட்கும். 40 சதவீத வரி கட்டுபவருக்கோ கிஃப்ட் எய்டில் கொடுத்த 100 பவுண்டுக்கு 25 பவுண்டு வரிச்சலுகை கிடைக்கும். அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பலர் கேட்பதே இல்லை.

ஓட்டம், நடை போன்றவற்றுக்குப் பலரிடம் பணம் திரட்டும் ஸ்பான்சர் தாள்களில்தான் தவறு அதிகம். ஒவ்வொருவரும் தம் பெயர், வீட்டு எண், போஸ்ட்கோட், தொகை எழுதித் தாமே டிக் போட வேண்டும். அலுவலக முகவரி செல்லாது. எல்லா வரியும் ஒரே கையெழுத்தில் இருந்தால் சந்தேகம் வரும். பத்துப் பேரிடம் வாங்கிய பணத்தை உங்கள் கார்டில் கட்டி, உங்கள் பெயரிலேயே கிஃப்ட் எய்ட் கேட்பது பொய்க் கோரிக்கை. ஜஸ்ட்கிவிங் போன்ற தளத்தில் பக்கம் திறந்து அவரவரையே கட்டச் சொன்னால் இந்தச் சிக்கல் வராது. கட்டும்போது தளத்துக்கென்று ஒரு 'டிப்' கேட்கும். அது விருப்பம், பூஜ்யமாக்கிக்கொள்ளலாம்.

விசா

ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் ஊதியமில்லாத தொண்டுக்குத் தடையில்லை. மாணவர் விசாவில் கவனம் வேண்டும். பணியாளர்போல் நேரமும் கடமையும் ஒப்பந்தத்தில் குறித்து வேலை வாங்கினால், சம்பளம் இல்லாவிட்டாலும் அது வார வேலை நேர வரம்புக்குள் (பட்டப்படிப்பு மாணவருக்குப் பாடத் தவணையில் 20 மணி) வரும். கடமை ஏதுமின்றி மேசை போட உதவுவது தொண்டு. அதற்கு அந்த வரம்பு இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்த பெற்றோரும் பதிவு பெற்ற சாரிட்டியில் மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம்.

நீங்களே நடத்துவதானால்

பழைய மாணவர் சங்கத்துக்கோ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கோ மண்டபம் பிடித்து இரவு விருந்து வைப்பது நம்மவர் வழக்கம். விருந்துக்கும் கச்சேரிக்கும் கொடுக்கும் டிக்கெட் பணத்துக்குக் கிஃப்ட் எய்ட் கிடையாது, ஏனென்றால் பணத்துக்குப் பதிலாக ஏதோ கிடைத்துவிடுகிறது. ஆகவே டிக்கெட் விலையைச் செலவை ஈடுகட்டும் அளவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மேசையிலும் கிஃப்ட் எய்ட் உறை வையுங்கள். உறையில் போடுவது முழுக்க அவரவர் விருப்பம் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

வசூல் வாளியில் பெயரில்லாமல் விழும் 30 பவுண்டு வரையான சில்லறை நன்கொடைகளுக்கும் அரசு 25 சதவீதம் தரும். ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரை கணக்கில் எடுப்பார்கள். ஆனால் அந்தப் பணம் பிரிட்டன் வங்கியில் கட்டப்பட்டிருக்க வேண்டும். சமையல்காரருக்கு வாளியிலிருந்தே எண்ணிக் கொடுத்துவிட்டால் அந்தத் தொகைக்கு உரிமை போயிற்று. அதோடு வரவு எவ்வளவு என்பதும் யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட்டு, முழுவதையும் கட்டிய பின் செலவை வங்கி வழியே தீருங்கள்.

ராஃபிள் என்னும் பரிசுக் குலுக்கல் சீட்டை நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில் மட்டும் விற்றால் உரிமம் தேவையில்லை. வசூலிலிருந்து பரிசுக்கு 500 பவுண்டும் செலவுக்கு 100 பவுண்டும்தான் எடுக்கலாம். யாரோ நன்கொடையாகத் தந்த பரிசுக்கு வரம்பில்லை. ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் சீட்டு விற்கத் தொடங்கினால் இந்த விலக்கு போய்விடும். அப்போது கவுன்சிலில் (உள்ளாட்சி மன்றத்தில்) சிறு லாட்டரியாகப் பதிய வேண்டும்: முதலில் 40 பவுண்டு, பிறகு ஆண்டுதோறும் 20.

மண்டபத்துக்கு உரிமம் இல்லாமல் மது விற்பதற்கோ, பதிவு பெற்ற சாரிட்டி அல்லாத குழு இரவு 11 மணிக்குப் பின் சூடான கொத்து ரொட்டி விற்பதற்கோ கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு. உதவியாளர்களையும் சேர்த்து 499 பேருக்கு மேல் கூடாது. குறைந்தது 10 வேலை நாள் முன்பே கொடுக்க வேண்டும். கொடுத்த நாளும் நிகழ்ச்சி நாளும் அதில் அடங்காது. தெருவில் உண்டியல் குலுக்குவதற்கு உரிமம் தனி. லண்டனின் பெரும்பகுதியில் அதை மெட்ரோபாலிட்டன் போலீஸ் தருகிறது, மற்ற இடங்களில் கவுன்சில்.

ஊருக்கு அனுப்பும்போது

விடுதலைப் புலிகள் அமைப்பு 2001 முதல் பிரிட்டனில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. தடைசெய்யப்பட்ட அமைப்புக்குப் பணம் போகலாம் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தும் கொடுப்பது, சேர்ப்பது இரண்டுமே குற்றம். ஆகவே இலங்கைக்கான சேகரிப்பு எந்தப் பெயரில் வந்தாலும், பணம் கடைசியில் எந்த நிறுவனத்தின் கையில் சேர்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்தியாவில் சிக்கல் வேறு வகை. அங்குள்ள அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்கப் பொதுவாக எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வைத்திருக்க வேண்டும். பணமும் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அந்த அமைப்புக்கு உள்ள கணக்குக்கே போக வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின், வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரான ஓ.சி.ஐ. அட்டைக்காரர் அனுப்பினால் ஆகும். ஆகவே மண்டபத்தில் பலரிடம் திரட்டியதை "என் பணம்" என்று அனுப்பாதீர்கள். நிகழ்ச்சிக்குத் தேதி குறிப்பதற்கு முன்பே அந்த அமைப்பிடம் எஃப்.சி.ஆர்.ஏ. எண்ணையும் அது எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.