விதைப் புரதத்தின் படிக அமைப்பை பிரவுசரிலேயே பார்ப்பது எப்படி?

இதற்கு ஆய்வகம் தேவையில்லை, ஒரு லேப்டாப் போதும். பழகுவதற்கு நான் சொல்லும் புரதம் கான்கனாவலின்-ஏ. ஜாக் பீன் விதையில் கிடைக்கிறது; அந்தச் செடி நம்மூர் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய சொந்தம். சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் லெக்டின் வகை. ஜேம்ஸ் சம்னர் 1919-லேயே இதைப் படிகமாக்கிவிட்டார்.

படி 1: புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் புரதத் தரவு வங்கித் (PDB) தளத்தில் 5சிஎன்ஏ (5CNA) எனத் தேடுங்கள். எண் 5, அப்புறம் மூன்று ஆங்கில எழுத்துகள்.

படி 2: படத்துக்குப் போகுமுன் பகுதிறனை, அதாவது எவ்வளவு நுணுக்கமான விவரம் வரை தெரிகிறது என்பதைப் பாருங்கள். இதற்கு 2.0 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). எண் குறையக் குறையத் தெளிவு கூடும். 3-ஐத் தாண்டிய அமைப்புகளில் பக்கச் சங்கிலி (ஒவ்வொரு அமினோ அமிலத்திலிருந்தும் பக்கவாட்டில் நீளும் அணுக்கூட்டம்) எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

படி 3: முப்பரிமாணப் படத்தைத் திறங்கள். நான்கு சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் 237 அமினோ அமிலங்கள். ஒன்றைப் பார்த்தாலே போதும். தட்டை அம்புகளாகத் தெரிபவை பீட்டா இழைகள், அதாவது சங்கிலி நீட்டி நிற்கும் பகுதிகள். சங்கிலி ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும் ஆல்ஃபா சுருளைத் தேடினால் ஏமாற்றம்தான்.

படி 4: இதுதான் முக்கியம், நிதானமாகச் செய்யுங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் மேனோஸ் சர்க்கரையைக் கிளிக் செய்தால் சுற்றியுள்ள அமினோ அமிலங்கள் விரியும். ஹைட்ரஜன் பிணைப்புகள் புள்ளிக்கோடுகளாகத் தெரியும். பக்கத்தில் இரண்டு உருண்டைகள் இருக்கும்: ஒன்று மாங்கனீசு, மற்றது கால்சியம். முதல் தடவை பார்த்தபோது, படிகம் வளர்த்த கரைசலில் மிஞ்சிய உப்பு என்று நினைத்து இரண்டையும் மறைத்துவிட்டேன். இரண்டும் சர்க்கரையைத் தொடுவதில்லையே! ஆனால் உலோகத்தை நீக்கினால் இந்தப் புரதத்தால் சர்க்கரையைப் பிடிக்க முடியாது.

காரணம் வேண்டுமா? 14-ஆம் இடத்து அஸ்பரஜினை நெருங்கிப் பாருங்கள். பக்கச் சங்கிலியின் ஆக்சிஜன் கால்சியத்தைப் பிடித்திருக்கிறது, அதே முனையின் நைட்ரஜன் சர்க்கரையைப் பிடித்திருக்கிறது. கால்சியம் இழுத்துக் கட்டாவிட்டால் அந்தக் கை சரியான இடத்தில் நிற்காது. அடுத்து 208-ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலத்தையும் பாருங்கள், அதுவும் சர்க்கரையைப் பிடிக்கும் கைதான்.

படி 5: இப்போது 1என்எல்எஸ் (1NLS) அமைப்பைத் திறங்கள். அதே புரதம், சர்க்கரை இல்லாமல், 0.94 ஆங்ஸ்ட்ராம் தெளிவில். கோப்பில் ஒரே சங்கிலிதான் இருக்கும், பயப்பட வேண்டாம். படிகத்தில் ஒரே வடிவம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் படிகச் சமச்சீரை வைத்து மற்ற மூன்றையும் மென்பொருளே வரைந்துவிடும். அதே 14-ஆம் அஸ்பரஜினைக் கண்டுபிடித்து அருகே போங்கள். சர்க்கரை உட்கார்ந்திருந்த இடத்தில் சில சிவப்புப் புள்ளிகள் தெரியும். அவை தண்ணீர் மூலக்கூறுகள்.